எலும்பில்லாத கறி

நாகமலை புதுக்கோட்டையில் பஸ்ஸை விட்டு இறங்கிய சுருளி, சாத்தியிருந்த கறிக்கடையின் முன்னால் வெகுநேரம் நின்றான். ஆடு தொங்கும் கொக்கிகள் கழுவித் துடைத்த மாதிரி இருந்தன. எப்போதும் கடை வாசலிலேயே கிடக்கும் நாய்கூட அன்று வேறு ஜோலி பார்க்கப் போய்விட்டது. பக்கத்து வெற்றிலைக் கடைக்காரர் அவன் நிற்பதைப் பார்த்துவிட்டு, "இன்னைக்குக் காந்தி பொறந்த நாளுண்ணே. எங்கயும் வெட்ட மாட்டாங்க. மதுரைக்கே போனாலும் கெடைக்காது" என்றார்.

காந்தி பிறந்த நாள் வருஷா வருஷம் வரத்தான் செய்கிறது. ஆனால் செக்கானூரணிக்கு மேற்கே உள்ளடங்கிக் கிடக்கும் சுருளியின் ஊரில் அதற்கும் கறிக்கும் சம்பந்தம் இருந்ததில்லை. அங்கே ஞாயிற்றுக்கிழமை யாராவது ஒரு ஆட்டை உரிப்பார்கள், கூறு போட்டு எடுத்துக்கொள்வார்கள், அதோடு சரி. டவுன் பக்கம் என்றால் நாள் தவறாமல் கறி தொங்கும் என்று அவன் நம்பி வந்திருந்தான். காரியம் முடிந்த மறுநாள் கறி எடுத்துப்போட வேண்டும், புதன்கிழமை நல்ல நாள் என்று விரல் மடக்கிச் சொன்ன பெரியவர்கள் ஒருத்தரும் இங்கிலீஷ் தேதியைப் பார்க்கவில்லை.

செத்துப்போனது அவனுடைய அக்கா சீனியம்மாள். ஒரு வீட்டில் சாவு விழுந்துவிட்டால் காரியம் முடிகிற வரைக்கும் அங்கே கறி ஆக்க மாட்டார்கள், தலைக்கு எண்ணெய் வைக்க மாட்டார்கள். அதற்குப் பிறகு செத்தவளின் பிறந்த வீட்டார் வர வேண்டும். புருஷன்காரன் தலையில் எண்ணெய் வைத்துக் குளிக்கச் சொல்லி, தாங்கள் எடுத்து வந்த கறியை ஆக்கிப் போட்டு, அவனோடு கூட உட்கார்ந்து தின்ன வேண்டும். அப்போதுதான் துக்கம் கழியும். அப்பனும் ஆத்தாளும் போன பிறகு சீனியம்மாளுக்குப் பிறந்த வீடு என்று மிச்சம் இருந்தது சுருளி ஒருத்தன்தான். அவன் வராவிட்டால் அவள் புருஷன் நல்லகாமன் சாகிற வரைக்கும் துக்கக்காரனாகவே கிடக்க வேண்டியதுதான். கிடக்கட்டுமே என்றுதான் சுருளிக்கும் இருந்தது.

அவனைக் கிளப்பிவிட்டது அவன் பெண்டாட்டி தங்கப்பொண்ணு. "போயிப் போட்டுட்டு வந்துருங்க. நாளைக்கு நாலு பேரு நம்மளத்தான் சொல்லுவாக" என்றாள். தானும் கூட வருவதாகச் சொன்னதற்கு இவன் வேண்டாமென்றுவிட்டான். ரெண்டு பேராகப் போனால் அது விருந்து, ஒருத்தனாகப் போனால் அது கடமை என்பது அவன் நினைப்பு. கறியைப் போட வேண்டும், ஆனால் அந்த வீட்டில் கை நனைக்கக் கூடாது. ஒரு வாய் சோறுகூடத் தின்னாமல் எழுந்து வந்துவிட்டால், இனி உனக்கும் எனக்கும் ஒன்றுமில்லை என்று சொல்லாமலே சொன்னதாகிவிடும். பிள்ளை குட்டி இருந்தாலாவது தாய்மாமன் என்று போக்குவரத்து இருக்கும், அவர்களுக்கு அதுவும் இல்லை. நடுவில் இருந்தவள் ஒருத்தி, அவளும் போய்விட்டாள்.

சுடுகாட்டிலேயே கேட்டுவிட்டான். ரெண்டு குடம் தண்ணீரை ஒரே மூச்சில் தூக்கி வருகிற அக்காள், பாடையில் உலர்ந்த மிளகாய்ச் செடி மாதிரி கிடந்தாள். தொண்டையில் புற்று என்றார்கள், மாசக்கணக்கில் படுக்கை என்றார்கள். அவனுக்குத் தந்தி வந்தது செத்த பிறகுதான். ஆடிக்கு வந்தவனைக்கூட, "இப்பத்தான் கண்ணசந்தா மாப்ள" என்று வாசலோடு பேசி அனுப்பியவன் நல்லகாமன். கொள்ளி வைத்துத் திரும்பியவனைச் சுருளி எல்லோர் முன்னாலும் நிறுத்தி, "எங்க அக்காளுக்கு ஒரு வாய் கறித்தண்ணி ஊத்தாம, பட்டினி போட்டுக் கொன்னுட்டியே" என்றான். நல்லகாமன் பதில் பேசவில்லை. குற்றம் இல்லாதவன் ஏன் வாயை மூடிக்கொண்டு நிற்கிறான் என்று சுருளி அன்றைக்கே முடிவு கட்டிவிட்டான்.

இப்போது கறி இல்லையென்றால் பேசாமல் ஊர் திரும்பியிருக்கலாம். காந்தியே கொடுத்த சாக்கு அது, ஒருத்தரும் குறை சொல்ல முடியாது. ஆனால் பையில் நல்லெண்ணெய் சீசாவும் சீயக்காய்ப் பொட்டலமும் கோடி வேட்டியும் இருந்தன. அதைத் திரும்ப வீட்டுக்குக் கொண்டுபோனால் ஆகாது. தவிர, அக்காளுக்கு இதுதான் கடைசியாகச் செய்வது. இதையும் செய்யாமல் விட்டால் நல்லகாமனுக்கும் தனக்கும் என்ன வித்தியாசம் என்று தோன்றியது. அடுத்த பஸ்ஸில் ஏறி மதுரைக்குப் போனான்.

மதுரையிலும் கொக்கிகள் காலியாகத்தான் தொங்கின. தெருத்தெருவாக அலைந்து சோர்ந்தவனிடம் டீக்கடையில் ஒருவர் ஒரு கடையைக் காட்டினார். கூடையைக் கையில் கொடுத்து, வேண்டியதை நாமே எடுத்துக்கொள்ளச் சொல்கிற புதுமாதிரிக் கடை, சூப்பர் மார்க்கெட்டாம். உள்ளே போன சுருளி கூடையை வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டு நின்றான். யாரும் எதையும் எடுத்துக் கொடுக்காத கடையில் எதையாவது தொட்டால் திருட்டுப் பட்டம் கட்டிவிடுவார்களோ என்று பயமாக இருந்தது. சீருடை போட்ட ஒரு பெண் வந்து என்ன வேண்டும் என்று கேட்டாள்.

"கறி வேணும்த்தா. ஆட்டுக்கறி. எந்தக் கடையும் இல்ல."

அவள் ஒரு தட்டிலிருந்து தகர டப்பா ஒன்றை எடுத்து நீட்டினாள். மேலே ஒட்டியிருந்த தாளில் கிண்ணம் நிறையச் சிவந்த குழம்பும் கொத்தமல்லித் தழையும் படம் போட்டிருந்தது. "மட்டன்தாண்ணே. சமைச்சே அடைச்சிருக்காங்க. தொறந்து சூடு பண்ணாப் போதும்."

சுருளி டப்பாவைக் காதோரம் வைத்து ஆட்டிப் பார்த்தான். உள்ளே என்னவோ புரண்டது. "எலும்பு இருக்குமாத்தா?"

"இல்லண்ணே. எலும்பில்லாதது."

எலும்பில்லாத கறியை அவன் பிறந்ததிலிருந்து தின்றதில்லை. யார் வெட்டினார்கள், யார் உரித்தார்கள், எந்த ஊர் ஆடு என்று ஒன்றும் தெரியாது. பெரியவர்கள் யாராவது உடன் வந்திருந்தால் இது செல்லுமா செல்லாதா என்று கேட்டிருக்கலாம். அந்தப் பெண்ணிடமே கேட்டுவிடலாமா என்று ஒரு கணம் வாயெடுத்தான், அப்புறம் அடக்கிக்கொண்டான். ரெண்டு டப்பா வாங்கினான்.

தெருவுக்கு வந்ததும்தான் நினைவு வந்தது. கறியை வெறுமனே தூக்கிக்கொண்டு வெளித்தெருவில் போனால் காத்துக் கருப்பு வாசம் பிடித்துக்கொண்டு பின்னால் வரும். கூட ஒரு கரித்துண்டு போட்டுக்கொள்ள வேண்டும், அது அவன் ஆத்தாள் கற்றுக்கொடுத்தது. முக்கில் இஸ்திரி வண்டிக்காரர் பெட்டியைத் தட்டிக்கொண்டிருந்தார். அவரிடம் ஆறிப்போன கரித்துண்டு ஒன்றைக் கேட்டு வாங்கிப் பையில் போட்டான். காற்றே நுழையாமல் அடைத்த தகரத்துக்குள் எந்தப் பேய் மூக்கை நுழைக்குமோ, அது அந்தப் பேய்க்குத்தான் வெளிச்சம். சுருளி மட்டும் நிம்மதியாகப் பஸ் ஏறினான்.

நல்லகாமனின் வீடு மெயின் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி, பல்கலைக்கழகத்தில் வேலை பார்க்கும் சிப்பந்திகள் குடியிருக்கும் வரிசையில் கடைசி. அவனும் அங்கே அட்டெண்டர்தான். கதவு திறந்தே கிடந்தது. காலையிலிருந்து வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தவன், சுருளியைக் கண்டதும் எழுந்து நின்றான்.

"வாங்க மாப்ள."

சுருளி தலையை மட்டும் அசைத்தான். மச்சான் என்று கூப்பிடுவதில்லை என்று வரும் வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்திருந்தான். "கடையெல்லாம் அடைப்பு. டப்பாக்கறிதான் கெடைச்சது. போட்டுட்டு நாலு மணி வண்டிக்குப் போகணும்."

நல்லகாமன் பையை வாங்கித் தரையில் கவிழ்த்தான். டப்பாக்களோடு கரித்துண்டும் உருண்டு வந்தது. அதைக் கையில் எடுத்துப் பார்த்தவன் முகத்தில் லேசாகச் சிரிப்பு மாதிரி ஒன்று ஓடியது. "அவளும் இப்பிடித்தான். ஆசுபத்திரிக்குச் சாறு கொண்டு போனாக்கூட ஒரு கரியப் போட்டு எடுத்துட்டு வரச் சொல்லுவா" என்றான். சுருளி அதைக் காதில் வாங்காதவன் போல எண்ணெய் சீசாவின் மூடியைத் திருகினான்.

தலையில் எண்ணெய் வைக்கும்போது ஆளைத் தொட்டுத்தான் ஆக வேண்டும், அதற்கு மாற்று வழி இல்லை. நல்லகாமன் குத்தவைத்து உட்கார்ந்து தலையைக் குனிந்துகொண்டான். முடி பாதிக்கு மேல் நரைத்திருந்தது. சித்திரையில் பார்த்தபோது இவ்வளவு இல்லை. சுருளி அவசர அவசரமாக எண்ணெயை வைத்துவிட்டுக் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டான். நல்லகாமன் குளிக்கப் போனதும் கூடத்தைச் சுற்றிப் பார்த்தான். அக்காள் படுத்திருந்த கட்டில் கிடந்த மூலை காலியாக இருந்தது. கட்டில் கால்கள் அழுத்திய தடம் மட்டும் சிமெண்டுத் தரையில் வெளுத்துத் தெரிந்தது. அடுப்படியில் பளபளவென்று ஒரு புதுக் குக்கர் இருந்தது. பெண்டாட்டி சாகக் கிடக்கும்போது இவனுக்குக் குக்கர் ஒரு கேடா என்று சுருளிக்குப் பொறுக்கவில்லை.

டப்பாவைத் திறப்பது பெரும்பாடாகிவிட்டது. அரிவாள்மனையை வைத்துக் குத்தினான், வழுக்கிக்கொண்டு போனது. ஆணியை வைத்துச் சுத்தியலால் அடித்ததில் ஒரு துளை விழுந்து, அதன் வழியே எண்ணெய்க் குழம்பு பீச்சியடித்துச் சட்டையெல்லாம் தெறித்தது. குளித்துவிட்டுப் புது வேட்டியோடு வந்த நல்லகாமன் பக்கத்து வீட்டுப் பாக்கியமேரி டீச்சரிடம் போய், டப்பா திறக்கிற கொக்கியை வாங்கி வந்தான். விளிம்பைக் கவ்விக் கவ்வி அவன் திருக, சுருளி டப்பாவை இறுக்கிப் பிடித்துக்கொண்டான். "விரலு விரலு, பாத்து மச்சான்" என்று வாயிலிருந்து தானாக வந்துவிட்டது. வந்த பிறகு என்ன செய்வது, ரெண்டு பேரும் டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மூடி பிளந்ததும் பட்டை கிராம்பு வாசம் வீடு முழுக்க ஏறியது. நல்லகாமன் கரண்டியால் ஒரு துண்டை எடுத்து ரெண்டு விரலுக்கு நடுவில் வைத்து அமுக்கினான். அது வெண்ணெயாக மசிந்துபோனது. விரலில் ஒட்டியிருந்ததையே பார்த்தபடி, "இம்புட்டு மெத்துனு…" என்று ஆரம்பித்தவன் பாதியிலேயே நிறுத்திக்கொண்டு ஸ்டவ்வைப் பற்றவைக்கக் குனிந்தான்.

சட்டியில் ஊற்றிச் சூடு பண்ணியதைச் சுருளி உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்தான். உப்பு இருந்தது, உறைப்பு இல்லை. யாருக்கோ பயந்து பயந்து மசாலா போட்ட மாதிரி இருந்தது. "மொளகாப்பொடி எங்க இருக்கு?" என்று கேட்டான். நல்லகாமன் அலமாரியின் மேல்தட்டைக் காட்டினான். அங்கே இருந்த டப்பாவைத் திறந்தால் பொடி பாறையாக இறுகிக் கிடந்தது. கரண்டிக் காம்பால் குத்தியும் பெயரவில்லை. மிளகும் இல்லை, சீரகமும் இல்லை. காரம் இல்லாமல் ஒரு வாய் இறங்காது என்று சொல்லும் அக்காள் குடித்தனம் நடத்திய அடுப்படி இது. ஒரு வீட்டில் மிளகாய்ப்பொடி இறுகிப்போகிற வரைக்கும் குழம்பு வைக்கவில்லை என்றால், அந்த வீட்டில் என்னத்தைப் பொங்கிப் போட்டிருப்பார்கள். சுடுகாட்டில் கேட்டது தப்பே இல்லை என்று நினைத்துக்கொண்டான். அப்போது அவனுக்குக் கோபத்தோடு ஒரு திருப்தியும் இருந்தது.

சோறும் கஞ்சி மாதிரிக் குழைந்துதான் வந்தது. அதற்குக் குக்கர் வேறு. நல்லகாமன் கூடத்தில் ரெண்டு இலைகளைப் போட்டுத் தண்ணீர் தெளித்தான்.

"எனக்கு வேணாம். வயிறு சரியில்ல" என்றான் சுருளி.

நல்லகாமன் அவனை ஏறிட்டுப் பார்த்தான். அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று தெரியாத ஆள் அந்தப் பக்கத்தில் கிடையாது. வற்புறுத்தவில்லை. ரெண்டாவது இலையை எடுக்கவும் இல்லை. சட்டியைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டு, "நாலு மணி வண்டி இப்பல்லாம் சரியா வாரதில்ல மாப்ள. போன வாரம் ரோட்டுல பாலத்துக்குப் பள்ளந் தோண்டிட்டாங்க. சுத்திட்டுத்தான் வருது" என்று பேச ஆரம்பித்தான். பேசிக்கொண்டே ஒரு கிண்ணத்தை எடுத்தான்.

சுருளி சுவரில் சாய்ந்து நின்று கேட்டுக்கொண்டிருந்தான். பார்வை மட்டும் அந்தக் கையின் மேல் இருந்தது. அது சட்டியிலிருந்து மூன்று துண்டுகளைப் பொறுக்கிக் கிண்ணத்தில் போட்டது. செம்பிலிருந்து வெந்நீரை ஊற்றி மசாலாவை அலசி வடித்தது. மறுபடியும் ஊற்றி மறுபடியும் வடித்தது. வெளிறிப்போன கறியை நார் நாராகப் பிய்த்தது. ஒவ்வொரு நாரையும் விரல் நுனியில் தடவிப் பார்த்து, கெட்டியாக இருந்ததைத் தனியே எடுத்து வைத்தது. பிறகு கரண்டியில் பாதி சோற்றை எடுத்துப் போட்டுக் கரண்டியின் முதுகால் மசித்தது. வாய் பாட்டுக்குப் பாலத்தைப் பற்றியும் டிரைவரைப் பற்றியும் பேசிக்கொண்டே இருந்தது. எல்லாம் கூழாக ஆனதும் நல்லகாமன் ஒரு சொட்டை எடுத்து மணிக்கட்டில் வைத்துச் சூடு பார்த்தான். கிண்ணத்தோடு எழுந்து, கட்டில் கிடந்த மூலைக்கு நாலு எட்டு வைத்துப் போய், குனிந்தான்.

குனிந்தவன் நிமிரவில்லை. பேச்சு நின்றிருந்தது.

சுருளி அப்படியே சுவரோடு சரிந்து உட்கார்ந்தான். உறைப்பு ஆகாத தொண்டைக்காகத்தான் மிளகாய்ப்பொடி இறுகியிருக்கிறது என்பதும், சோறு ஏன் குழைகிறது என்பதும் அவனுக்கு யாரும் சொல்லாமலே தெரிந்தது. அந்தப் புதுக் குக்கரை அவனால் இப்போது திரும்பிப் பார்க்க முடியவில்லை.

"எம்புட்டு நாளா மச்சான்?"

"ஆனி பொறந்ததுலருந்து." நல்லகாமன் தரையின் வெளுத்த தடத்தைப் பார்த்தபடியே சொன்னான். "குக்கருல எத்தன விசிலு விட்டாலும் நாரு நிக்கும் மாப்ள. தொண்டையில போயி உக்காந்துக்கிரும். இந்த டப்பா அப்பக் கெடைச்சிருந்தா இன்னும் ரெண்டு வாய் எறங்கியிருக்கும். இப்பிடி ஒண்ணு விக்கிதுன்னே எனக்குத் தெரியாது."

"என்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல. அன்னைக்கு அம்புட்டுப் பேரு முன்னால நான் கேட்டனே, அப்பவாச்சும் சொல்லியிருக்கலாம்ல."

"அவதான் சொல்லக் கூடாதுன்னுட்டா. தம்பி மூஞ்சியப் பாத்தா அழுதுருவேன், அழுதா முழுங்க முடியாதுன்னா. சத்தியம் வாங்கிட்டா." கிண்ணத்தை ஒரு சுற்றுத் திருப்பிக்கொண்டு, "ஒனக்கும் சேத்துத்தான் தின்னா. போதும் போதும்னு வாய மூடிக்கிருவா. இது சுருளிக்கின்னு சொன்னா மட்டும் தொறப்பா. தெனமும் கடைசி வாய் ஒம் பேருலதான்" என்றான்.

சுருளி அழுதான். சுடுகாட்டில் அழுத மாதிரி நெஞ்சில் அடித்துக்கொண்டு அழவில்லை, சத்தமே வரவில்லை. நல்லகாமன் கிண்ணத்தைக் கொல்லைப்பக்கம் கொண்டுபோய்க் கொட்டுவதற்காக எழுந்தான்.

"கொண்டாங்க" என்றான் சுருளி.

"இதுல ஒண்ணுமே இல்ல மாப்ள. உப்பு இல்ல, ஒறைப்பு இல்ல. சட்டியில நல்ல கறியாக் கெடக்கு."

"அதக் கொண்டாங்க மச்சான்."

போட்டது போட்டபடி கிடந்த ரெண்டாவது இலையின் முன்னால் வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்தான். செம்புத் தண்ணீரில் வலது கையைக் கழுவினான். விரல் இடுக்கில் கரி ஒட்டியிருந்தது, அது முழுசாகப் போகவில்லை. நல்லகாமன் எதிரே உட்கார்ந்து கிண்ணத்தை அவன் இலையில் கவிழ்த்தான். வெள்ளையாக, வாசமே இல்லாமல், பச்சைப் பிள்ளைக்குப் பிசைந்த சோறு மாதிரி இருந்தது அது. சுருளி ஒரு உருண்டை எடுத்து வாயில் வைத்தான். மெல்ல ஒன்றுமில்லை, விழுங்க மட்டும்தான் வேண்டும். அது இறங்க மறுத்தது. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, கழுத்தை நீட்டி, மெதுவாக விழுங்கிக்கொண்டிருந்தான்.

கண்ணைத் திறந்தபோது, அவன் மோவாய்க்குக் கீழே, எதுவும் சிந்திவிடாமல் ஏந்திக்கொள்ளக் குவிந்த நல்லகாமனின் உள்ளங்கை இருந்தது.